கீழிருந்து நீர், மேலிருந்து உணவு

2019-ஆம் ஆண்டின் கோடையைப் பூந்தமல்லிவாசிகள் எளிதில் மறக்கமாட்டார்கள். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்னும் நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டுபோயின. 3,645 மில்லியன் கன அடி நீரைத் தாங்கவல்ல செம்பரம்பாக்கம் ஏரி எங்கள் ஊருக்கு அடுத்தே இருக்கிறது. அதன் தரை வெடித்துக் கிடந்ததைக் கண்டு வந்த நாளன்று எங்கள் வீட்டில் எவரும் உரத்துப் பேசவில்லை. லாரித் தண்ணீருக்காகக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்த அந்த நாட்களில், செடிக்கு நீர் ஊற்றுவது குறித்துப் பேசவே கூச்சமாக இருந்தது. ஆயினும் எங்களுக்குக் கவலை தந்த செடி ஒன்று மாடியில் இருந்தது.

அது என் தாயார் வைத்த மல்லிகை. பூவிருந்தவல்லி என்னும் பெயரே மருவிப் பூந்தமல்லி ஆயிற்று என்பார்கள். அப்பெயருக்கேற்பப் பூக்கொடி இல்லாத முற்றத்தை அக்காலத்தில் இங்கே காண்பது அரிது. பழைய ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட்டுக் கட்டியபோது முற்றம் போயிற்று. முற்றத்து மல்லிகையின் தாழ்ந்த கிளையொன்றை அம்மா முன்யோசனையாக மண்ணில் வளைத்துப் புதைத்து, பதியன் எடுத்து வைத்திருந்தார்கள். அவர்கள் மறைந்து ஆண்டுகள் பல ஆயினும் பதியன் மாடியில் தழைத்தே நின்றது. கோடையில் அதற்கு நாள்தோறும் ஒரு வாளி நீர் வேண்டும். அந்த ஒரு வாளிதான் 2019-இல் எங்களிடம் இல்லை.

அப்போதுதான் என் மருமகன், அடியில் நீர் தாங்கும் தொட்டி ஒன்றைச் செய்து தந்தார். செலவு அதிகமில்லை. வண்ணம் பூசியபின் எஞ்சிய இருபது லிட்டர் பிளாஸ்டிக் வாளி. அதன் அடியில் கவிழ்த்து வைத்த ஓட்டைக் கூடை. கூடையின் நடுவே நீருக்குள் இறங்கும்படி மண் நிரப்பிய ஒரு துளையிட்ட கிண்ணம். மேலிருந்து அடிவரை செல்லும் ஒரு குழாய்த் துண்டு. வாளியின் பக்கவாட்டில், கூடையின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, மிகையான நீர் வழிய ஒரு துளை. குழாய் வழியே நீரை ஊற்றினால் அது அடியில் தங்கும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலக் கிண்ணத்து மண்ணின் வழியே நீர் மேலே ஏறி வேரை அடையும். வெயிலில் ஆவியாவது குறைவு. தரையில் வழிந்து வீணாவதும் இல்லை. நாள்தோறும் ஊற்றிய இடத்தில் நான்கு நாளைக்கு ஒருமுறை ஊற்றினால் போதுமென்றாயிற்று. கோடையைச் செடி தாண்டிவிட்டது.

தாகம் தீர்ந்தது, பசியைத் தீர்க்கும் முயற்சியில்தான் நாங்கள் தவறினோம். இப்பகுதியில் மாடித் தோட்டம் போடும் குடும்பங்கள் பல இன்று இத்தகைய தொட்டிகளை விலைக்கு வாங்குகின்றன. விற்பவர் நீர் ஊற்றும் முறையைச் சொல்லித் தருகிறார். உணவூட்டும் முறையை எவரும் சொல்வதில்லை. எனவே எங்கள் தவற்றை விரிவாகவே எழுதுகிறேன்.

கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்த நீரைச் சாதாரணத் தொட்டிக்கு ஊற்றும் வழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. அதையே குழாய் வழியாக அடியறைக்குள் ஊற்றினோம். மூன்றாம் நாள் மாடிப்படி ஏறும்போதே நாற்றம். காற்றுப் புகாத நீரில் பிண்ணாக்கு அழுகும்போது, வேருக்கு வேண்டிய உயிர்வாயுவையும் அழுகல் கிருமிகளே உறிஞ்சிவிடுகின்றன. சாணக் கரைசல், பஞ்சகவ்வியம், பழத்தோல் ஊறிய நீர், அரிசி கழுவிய நீர் ஆகிய எல்லாவற்றுக்கும் இதே கதிதான். கழுநீரை வீணாக்க நம் இல்லத்தரசியருக்கு மனம் வராது. அது நல்ல பழக்கமே. ஆனால் அதைத் தரையில் நிற்கும் வாழைக்கோ முருங்கைக்கோ ஊற்றுவதுதான் முறை. மூடிய நீரறைக்குள் அது போகக்கூடாது.

நாற்றத்துக்கு அஞ்சி அடுத்து நாங்கள் நாடியது கடையில் விற்கும் நீரில் கரையும் உரம். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் நூற்றுக்குப் பத்தொன்பது வீதம் அடங்கிய வெள்ளைத் தூள் அது. லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் போதும் என்று உறையிலேயே அச்சிட்டிருந்தது. சற்றுக் கூடுதலாக இட்டால் சற்றுக் கூடுதலாகப் பூக்கும் என்று நான் கருதினேன். ஒவ்வொரு முறை நீர் நிரப்பும்போதும் ஒரு கரண்டி போட்டேன். நாற்றமில்லை, மனத்துக்கு நிறைவாகவும் இருந்தது. 2020-ஆம் ஆண்டு தொடக்கத்தில் இலைகளின் விளிம்பு கருகத் தொடங்கிற்று. மண்ணின் மேல் வெண்மையாக ஏதோ படிந்தது. புதிய தளிர்கள் மஞ்சளாகவே வெளிவந்தன. நரம்புகள் மட்டும் பச்சையாக இருந்தன. செடிக்குப் பசி என்று எண்ணி இன்னும் ஒரு கரண்டி போட்டேன். மார்ச் மாதத்தில் ஊரடங்கு வந்து எல்லோரும் வீட்டிலேயே இருந்தபோது, காலை மாலை இருவேளையும் நான் அந்தச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இலையுதிர்த்துக்கொண்டிருந்தது. மொட்டுக்கட்ட வேண்டிய பருவத்தில் ஒரு மொட்டும் இல்லை. அம்மா வைத்ததை நான் போக்கிவிட்டேன் என்றே அன்று எனக்குத் தோன்றிற்று.

ஊரடங்கு தளர்ந்தபின், செடிப் பண்ணையொன்றில் நெடுங்காலம் வேலை பார்த்த முதியவர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் செடியைப் பார்க்குமுன் மேல்மண்ணைச் சுரண்டி நாவில் வைத்துப் பார்த்தார். என் மனைவியிடம் திரும்பி, “அம்மா, இந்தத் தொட்டியிலே போட்டது வெளியே போக வழியே இல்லையே! ஊறுகாய் போட்டுட்டீங்க” என்றார்.

அவர் சொன்னதன் உட்பொருளை உப்பளத்தைக் கண்டவர்கள் உடனே அறிந்துகொள்வார்கள். மரக்காணத்தில் பாத்தியில் தேக்கிய நீர் வெயிலில் ஆவியாகிப் போகிறது. உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. அடியில் நீர் தாங்கும் தொட்டியும் ஒரு சிறு உப்பளமே. நீர் கீழிருந்து மேலே ஏறுகிறது. இலை வழியாகவும் மண்ணின் மேற்பரப்பு வழியாகவும் ஆவியாகிறது. நீரில் கரைந்திருந்த உப்புகளில் செடி உண்டது போக மீந்தவை மேல்மண்ணில் படிகின்றன. சாதாரணத் தொட்டியில் நாம் மேலிருந்து ஊற்றும் நீர் மிகையான உப்பை அடித்துளை வழியே கழுவிச் செல்லும். இங்கே கழுவும் நீர் இல்லை. உப்பு மிகுந்த மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச இயலாது. ஆகவே நீர் நிறைந்த தொட்டியில் செடி தாகத்தால் வாடுகிறது.

உரத்தின் உப்பு மட்டுமன்றி, நீரின் உப்பும் இதில் சேர்கிறது. எங்கள் ஆழ்குழாய்க் கிணற்று நீரே கடினமானது. அதற்கும் மேலாக நாங்கள் செய்த சிக்கனம் ஒன்று கேடாக முடிந்தது. குடிநீர் சுத்திகரிப்புக் கருவி கழித்துவிடும் நீரைப் பஞ்ச காலத்தில் வாளியில் பிடித்து மல்லிகைக்கு ஊற்றிவந்தோம். அக்கருவி நல்ல நீரைப் பிரித்துக்கொண்டு, உப்பை எஞ்சிய நீரில் செறித்துத் தள்ளுகிறது. வீடு துடைக்கவும் கழிவறைக்கும் அந்நீர் ஏற்றது. இத்தகைய தொட்டிக்கு நஞ்சு. மாறாக, குளிர்சாதனக் கருவியிலிருந்து சொட்டும் நீர் காற்றின் ஈரம் குளிர்ந்து உண்டானது. அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. அதை இப்போது ஒரு துளியும் சிந்தவிடுவதில்லை.

மண்ணின் துணை குறைந்த இடத்தில் செடிக்கு எவ்வாறு உணவளிப்பது என்பது உலகில் பலர் ஆராய்ந்த வினா. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக் 1929 முதல் உரக் கரைசலிலேயே தக்காளியை ஓங்கி வளர்த்துக் காட்டினார். அவர் முறைக்குக் கருவியும் கணக்கும் மிகுதியாக வேண்டும். நம் நாட்டு ஏழை எளியவர்க்கு ஏற்றதாக அதை எளிமையாக்க முயன்றவர் ஷோல்டோ டக்ளஸ். 1946-இல் டார்ஜிலிங் மாவட்டத்துக் காலிம்போங்கில் அவர் தொடங்கிய சோதனைகள் ‘வங்காள முறை’ என்று பெயர்பெற்றன. 1951-இல் நூலாகவும் வந்தன. உலர்ந்த உப்புகளை அளந்து செடி வரிசைகளுக்கு இடையே மேலாகத் தூவி நீர் தெளிப்பது அம்முறை. 1990-களில் அமெரிக்காவின் புளோரிடாவில் பிளேக் விசனன்ட் என்னும் தக்காளி விவசாயி, அடியில் நீர் தாங்கும் பெட்டியொன்றைப் பெருமளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவரும் உரத்தை நீரறையில் கலக்கவில்லை. மண்ணின் மேற்புறத்தில் ஒரே ஒரு பட்டையாக உரத்தை வைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் உறையைப் போர்த்திவிடச் சொன்னார். ஈரம் மேலேறி உரத்தை மெல்லக் கரைக்கிறது. நீர் மேல்நோக்கியே செல்வதால் உரம் கீழே பாய்ந்து வேரைச் சுடுவதில்லை. வேண்டிய வேர் வேண்டிய அளவுக்கு அருகில் வந்து எடுத்துக்கொள்கிறது. உறை போர்த்தியதால் மழை உரத்தைக் கரைத்து விடுவதுமில்லை, மேற்பரப்பில் நீர் ஆவியாகி உப்புப் படிவதும் குறைகிறது. நாம் உறைக்குப் பதில் தென்னை மட்டையைத் துண்டாக்கிப் பரப்பலாம்; மழைக்கு அது முழுத் தடையாகாது என்றாலும் வெயிலுக்குப் போதும்.

முதியவர் சொன்னதும் இதற்கு ஒத்தே இருந்தது. செடியைப் பிடுங்கி வேரைக் கழுவி, புதிய கலவையில் நட்டோம். செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. அத்துடன் இரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் ஒரு கைப்பிடி எலும்புத் தூளும். நார்க்கழிவை வாங்குவதில் கவனம் வேண்டும். உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததாயின் அதுவே உப்பைச் சுமந்து வரும். நல்ல நீரில் இருமுறை அலசிய பின்னரே சேர்க்கவேண்டும். மக்காத நார்க்கழிவு மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தானே தின்றுவிடும். அதில் கரிமம் தழைச்சத்தைப்போல் 112 மடங்கு. சிப்பிக் காளானையும் யூரியாவையும் இட்டு மக்கவைத்தால் 24 மடங்காகக் குறையும் என்பது கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தார் கண்டது. எனவே கறுத்து மக்கிய நார்க்கழிவே நல்லது.

அதன்பின் உணவெல்லாம் மேலிருந்துதான். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, தொட்டியின் ஓரமாக வளையம்போலக் கீறி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரு கைப்பிடி மண்புழு உரமும் சிறிது வேப்பம் பிண்ணாக்கும் இட்டு மூடுகிறோம். கடை உரம் அறவே கூடாதென்று நான் சொல்லமாட்டேன். கீரைக்கும் தக்காளிக்கும் அது கைகொடுக்கும். லிட்டருக்கு அரை கிராமுக்கு மேல் வேண்டாம். இருமுறை வெறும் நீர் நிரப்பியபின் மூன்றாம் முறை மட்டும் கலக்கலாம். தொட்டியில் வளரும் செடிக்கு உணவு குறைந்தால் ஒரு கரண்டியில் சரிசெய்துவிடலாம். மிகுந்தால் மண்ணையே மாற்றவேண்டியிருக்கிறது.

ஆண்டுக்கு ஒருமுறையேனும் தொட்டியைக் கழுவவேண்டும். கோடையில் அதற்கு நீர் இராது. ஆனால் வடகிழக்குப் பருவமழை நமக்காகவே வருகிறது. ஐப்பசியில் நல்ல மழை பிடித்ததும் மேல்மூடாக்கை அகற்றித் தொட்டியை வெளியில் விட்டுவிட்டால், உப்பெல்லாம் கரைந்து கீழிறங்கிப் பக்கத்துளை வழியே போய்விடும். மழை ஓய்ந்தபின் தொட்டியைச் சாய்த்து அடியறையின் நீர் முழுவதையும் கொட்டிவிட வேண்டும். இல்லாவிடில் இறங்கிய உப்பே மறுபடி ஏறும்.

தளிர் மஞ்சளான காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். தழைச்சத்துக் குறைந்தால் முதிர்ந்த இலைதான் முதலில் வெளுக்கும். இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறைவு. கடின நீர் ஊறிய மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாமல் போகிறது. எத்தனை கரண்டி உரமிட்டாலும் அது தீராது. மல்லிகைப் பயிரிடுவோர் இதற்கு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதியைக் கரைத்து இலைமேல் மாதம் ஒருமுறை தெளிக்கிறார்கள். நாங்களும் மாலை வேளையில் மும்முறை தெளித்தோம். நான்காம் மாதம் தளிர் பச்சையாக வந்தது. மல்லிகையின் வேர் ஓயாத ஈரத்தைப் பொறுக்காது என்பதால், அடியறை வற்றியபின் ஒருநாள் விட்டே மறுபடி நிரப்புகிறோம். தக்காளிக்கு அவ்வாறு விடக்கூடாது. ஈரம் ஏறியிறங்கினால் சுண்ணச்சத்துக் காய்க்குச் சென்று சேராமல் காயின் அடி கறுத்து அழுகும்.

கொசுவைப் பற்றி ஒரு சொல். டெங்குவைப் பரப்பும் கொசு இத்தகைய தேங்கிய நன்னீரைத்தான் தேடி வரும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க அதற்கு ஒரு வாரம் பத்து நாள் போதும். நீர் ஊற்றும் குழாயின் வாயையும் பக்கத்துளையையும் கொசுவலைத் துணியால் இறுகக் கட்டாமல் எவரும் இத்தொட்டியை வீட்டில் வைக்கலாகாது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டார் நாற்பது தொட்டி வைப்பதைவிட, வாரந்தோறும் தவறாமல் பார்க்கக்கூடிய நான்கு தொட்டி வைப்பதே மேல்.

2020 நவம்பர் கடைசியில் மல்லிகையைக் கவாத்துச் செய்தோம். முதியவர்தான் வெட்டினார், நான் பார்க்க மனமின்றிக் கீழே இறங்கிவிட்டேன். அடுத்த பங்குனியில் என் மனைவி ஒருநாள் மாலை மாடியிலிருந்து முந்தானையில் எதையோ ஏந்தி வந்தாள். எண்ணிப் பார்த்தோம், பதினேழு மொட்டுகள். ஒரு முழத்துக்குக்கூடப் போதாது. நூலில் கட்டி, கூடத்தில் மாட்டியிருக்கும் அம்மாவின் படத்துக்குச் சாத்தினாள். இரவு பத்து மணிக்குமேல் அவை மலர்ந்தன.