தடை செய்யப்பட்ட துப்பாக்கி, காவலர் கையில்

உதவி ஆய்வாளரின் இடுப்பில் இருக்கும் 9 எம்.எம். பிஸ்டலை நீங்களோ நானோ வைத்திருந்தால் சிறைதான். கலெக்டர் அலுவலகத்தில் மனுப் போட்டு, உரிமம் பெற்று வாங்குகிற .32 ரிவால்வர் கதை வேறு. 2016 ஆயுத விதிகளின் முதல் அட்டவணை, ராணுவத்துக்கும் போலீசுக்கும் வழங்கப்படும் அரசுத் தோட்டா எதிலெல்லாம் பொருந்துமோ அதையெல்லாம் தடைப் பட்டியலில் வைத்திருக்கிறது: .303, 7.62 எம்.எம். ரைஃபிள்கள், சர்வீஸ் 9 எம்.எம். பிஸ்டல்கள். .410 மஸ்கெட்கூட அதில் உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் .303 ரைஃபிளின் குழலை மாற்றி, மேகசின் இருந்த இடத்தில் மரக்கட்டையை அடைத்துப் போலீசுக்குக் கொடுத்த துப்பாக்கி அது. ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுத்தான் சுட முடியும். ஆனாலும் அரசுத் தோட்டா என்பதால் தடை.

அப்படியானால் காவலருக்கு மட்டும் எப்படி? 1959 ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவுதான் வழிவிடுகிறது. அரசு ஊழியர் தன் பணியின்போது ஆயுதம் வைத்திருந்தால் இந்தச் சட்டம் அவரைக் கட்டுப்படுத்தாது என்கிறது அது. விலக்கு ஆளுக்கு அல்ல, பணிக்கு. ஓய்வு பெற்ற டி.ஜி.பி.யும் சொந்தத் துப்பாக்கிக்கு உரிமம் எடுக்க வேண்டும். அமெரிக்காவில் 2004-ல் வந்த சட்டம், தகுதியுள்ள காவலர்கள் ஓய்வுக்குப் பிறகும் எந்த மாநிலத்திலும் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதிக்கிறது. நம் சட்டம் இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது என்பேன்.

பணி என்பதற்கு என்ன சாட்சி? ஆயுத அறையின் பதிவேடு. துப்பாக்கி எண், கொடுத்த ரவுண்டு எத்தனை, வாங்கியவர் கையெழுத்து, திரும்பி வந்த கணக்கு. சுட்டிருந்தால் ஒவ்வொரு ரவுண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். காவலருக்கு உரிமச் சீட்டு கிடையாது. இந்தப் பதிவேடுதான் அவருடைய உரிமம்.

ஆயுதத்தை வைத்திருக்கத்தான் 45-வது பிரிவு. சுடுவதற்கான அதிகாரம் வேறு சட்டத்திலிருந்து வர வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதுதான் எனக்குக் கவலை தருகிறது. சீருடையும் துப்பாக்கியும் இருந்துவிட்டாலே சுடவும் உரிமை இருப்பதுபோல் ஒரு பேச்சு நம்மிடையே புழங்குகிறது.

தூத்துக்குடியில் 2018 மே மாதம் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது போலீசார் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். வேன் மேல் நின்று, சீருடை இல்லாத காவலர் ரைஃபிளால் குறிபார்த்த காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. அந்த ரைஃபிள் அவர் கையில் இருந்ததற்கு 45-வது பிரிவு போதும். விசையை அழுத்தியதற்குப் போதாது. இந்தச் சம்பவத்தை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் காவல்துறையினர் 17 பேர் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது; அந்த அறிக்கை சட்டமன்றத்துக்கு வர 2022 அக்டோபர் ஆனது.

அத்தனை ஆண்டுகள் காத்திருக்கத் தேவையில்லை. எங்கே போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தாலும், துப்பாக்கி கொடுத்த ஆயுத அறையின் பதிவேட்டையும் மிச்சத் தோட்டாக்களையும் நீதித்துறை நடுவர் அன்றைக்கே கைப்பற்றும்படி சட்டத்தில் எழுத வேண்டும். யார் உத்தரவில், யார் கையில், எத்தனை ரவுண்டு போனது என்ற விவரம், இறந்தவர் குடும்பம் கேட்காமலேயே அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.