கர்ஜத்தில் வண்டி ஏன் நிற்கிறது?

மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் குடியேறி வாழும் நம்மவர்க்குக் கர்ஜத் என்னும் பெயர் புதியதன்று. மும்பையிலிருந்து புணே, சோலாப்பூர், குண்டக்கல் வழியாகச் சென்னை செல்லும் வண்டிகள் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடியதும் இச்சிற்றூர் நிலையத்தில் நிற்கின்றன. நாமோ வடாபாவ் விற்பவரைக் கைதட்டி அழைக்கிறோம், உண்டு முடித்ததும், “இன்னும் ஏன் எடுக்கவில்லை?” என்று சலித்துக்கொள்கிறோம். அந்தச் சில நிமிடங்களில் வண்டியின் வால்புறத்தில் நிகழ்வதைக் காண்போர் சிலரே. அதனைச் சற்றே ஆராய்வோம்.

கர்ஜத்துக்கு அப்பால் சஹ்யாத்திரி மலை சுவர்போல் எழுந்து நிற்கிறது. அங்கிருந்து லோணாவளா வரை தொலைவு 28 கிலோமீட்டர்தான். ஆயினும் அதற்குள் வண்டி 500 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். இதுவே போர் காட் என்னும் மலைப்பாதை. இதன் மிகக் கடுமையான ஏற்றம் 37-க்கு 1; அதாவது 37 மீட்டர் முன்னேறினால் 1 மீட்டர் உயர வேண்டும். மாட்டு வண்டிக்கு இஃது எளிய மேடு. வழவழப்பான தண்டவாளத்தில் உருளும் இரும்புச் சக்கரத்துக்கோ பெருஞ்சோதனை.

ஆகவே கர்ஜத்தில் பெரும்பாலான விரைவு வண்டிகளுக்குப் பின்புறம் துணை இஞ்சின்கள் பூட்டப்படுகின்றன. ‘பாங்கர்’ என்பது இவற்றுக்கு ரயில்வே ஊழியர் இட்டு வழங்கும் பெயர். முன்னின்று ஒன்று இழுக்க, பின்னின்று இவை தள்ள, வண்டி மலையேறுகிறது. முன்னும் பின்னும் உள்ள ஓட்டுநர்கள் ஊதல் ஒலியின் குறிப்பாலும் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிக்கொள்வதுண்டு.

எல்லா இஞ்சின்களையும் முன்னாலேயே பூட்டினால் என்ன என்று நேயர்கள் வினவலாம். அவ்வாறு செய்தால் வண்டியின் முழுப் பாரமும் முதற்பெட்டியின் இணைப்புக் கொக்கியின் மேல் விழும். பின்னின்று தள்ளும்போது அப்பாரம் பங்கிடப்படுகிறது. மற்றொரு காரணமும் உண்டு. ஏற்றத்தின் நடுவே கொக்கி அறுந்துபோயினும், பின்பெட்டிகள் பள்ளத்தை நோக்கி உருண்டோடாவண்ணம் துணை இஞ்சின்கள் தாங்கி நிற்கும்.

ஏறுவதைவிட இறங்குவதில் இடர் மிகுதி. சென்னையிலிருந்து வரும் வண்டி இச்சரிவில் இறங்குமுன் அதன் தடைகள் சோதிக்கப்படுகின்றன. இறங்கும் வழியிலும் ஆங்காங்கே முதன்மைப் பாதையிலிருந்து கிளைத்து, மேல்நோக்கி ஏறி, ஓரிடத்தில் முடிந்துவிடும் தனிப் பாதைகளைக் காணலாம். கட்டுக்கடங்காது ஓடிவரும் வண்டியை ஏற்றி, வேகந்தணித்து நிறுத்துவதற்கே அவை அமைந்தன. பாதை பிரியுமிடத்தில் தண்டவாளம் இயல்பாக அத்தனிப் பாதையை நோக்கியே வைக்கப்பட்டிருக்கும். வண்டி நின்று, தான் அடங்கியிருப்பதைக் காட்டிய பின்னரே முதன்மைப் பாதை திறக்கப்படும். காட்டின் நடுவே காரணமின்றி வண்டி நிற்பதாக நமக்குத் தோன்றுவதன் உண்மை இதுவே.

இப்பாதையின் வரலாறும் எளியதன்று. 1856-இல் தொடங்கிய வேலை 1863-இல் நிறைவுற்றது. பாறைகளைப் பிளந்து 25 குகைப்பாதைகள் குடையப்பட்டன. ஒப்பந்தம் ஏற்று 1859-இல் இங்கிலாந்திலிருந்து வந்த சாலமன் டிரெட்வெல் சில வாரங்களுக்குள் மாண்டார். அவருடைய மனைவி ஆலிஸ் அம்மையார் ஒப்பந்தத்தைத் தாமே ஏற்று, வேலையை முடிப்பித்தார். அம்மையாரின் பெயர் ஏட்டில் நிற்கிறது. காலராவிலும் விபத்திலும் மடிந்த கூலித் தொழிலாளர் எண்ணிறந்தோரின் பெயர்கள் நிற்கவில்லை. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் சென்ற எளியோர் அமைத்த வழியிலேதான், பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நாமும் போய் வருகிறோம்.

காலம் மாறியிருக்கிறது. நீராவி இஞ்சின்கள் மறைந்து மின்சார இஞ்சின்கள் வந்தன. ‘தக்காண அரசி’ என்னும் புகழ்பெற்ற வண்டி 1930 ஜூன் 1-இல் இவ்வழியே ஓடத் தொடங்கிற்று. பல பெட்டிகளில் விசைப்பொறி பொருத்திய ‘வந்தே பாரத்’ வண்டி 2023 முதல் துணை இஞ்சினின்றியே இம்மலையை ஏறுகிறது. சக்திப் பங்கீட்டை வண்டியின் பின்புறத்தில் தேடாமல், வண்டிக்குள்ளேயே அமைத்துவிட்டமையே அதன் நுட்பம். எனினும் பழைய முறையில் ஓடும் வண்டிகளுக்குக் கர்ஜத்தின் துணை இன்றும் வேண்டியிருக்கிறது.

அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், வண்டி கர்ஜத்தில் நிற்கும்போது குழந்தைகளுக்குச் சன்னல் வழியே பின்புறத்தைச் சுட்டிக்காட்டுங்கள். மெல்ல வந்து பொருந்தும் இஞ்சினின் சிறு அதிர்வு பெட்டிக்குப் பெட்டி பரவி உங்கள் இருக்கைவரை வந்து சேரும். அதன் பொருளை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். தாமதம் என்று நாம் வைதது, நம்மைப் பத்திரமாய் ஊர் சேர்க்கும் காவல் என்பதை அவர்களும் அறிந்துகொள்வார்கள்.