ரிவர்ஸ் கேமராவை மாற்றும் முன்

ரிவர்ஸ் எடுக்கும்போது திரை கறுத்துவிட்டால், 'கேமரா போச்சு' என்று புதியது வாங்கிவிடுகிறோம். பெரும்பாலும் அது அவசர முடிவு. காரணம், இங்கே கேமரா பொருத்தப்படும் விதம். 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாராகும் கார்களுக்குப் பின்பக்க சென்சார் கட்டாயம், கேமரா கட்டாயமில்லை. அமெரிக்காவிலோ 2018 மே மாதத்திலிருந்து கேமராவே கட்டாயம். இங்கே விலை குறைந்த மாடல் வாங்குகிறவர்கள் வெளிக்கடையில் கேமரா போட்டுக்கொள்கிறார்கள். அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் வண்டி செய்கிற ஓசூரிலும் இதுதான் நடப்பு. வயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றிய அந்த இணைப்புகளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கேமராவுக்கான 12 வோல்ட் பெரும்பாலும் ரிவர்ஸ் விளக்கிலிருந்து எடுக்கப்படும். படம் தனி வயரில் முன்னால் உள்ள ஸ்டீரியோவுக்குப் போகும். ரிவர்ஸ் கியர் விழுந்ததைத் திரைக்குத் தெரிவிக்க இன்னொரு மெல்லிய வயர் உண்டு. திரை மாறவே இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் அதில்தான். திரை மாறியும் படம் வராவிட்டால் மின்சாரத்தையோ பட வயரையோ பார்க்க வேண்டும். டிக்கியைத் திறந்து மூடும்போது படம் வந்து வந்து போனால், கீல் அருகே ரப்பர் உறைக்குள் வயர் மடங்கி மடங்கி ஒடிந்திருக்கும். என்ஜின் ஓடும்போது மட்டும் கோடுகள் ஓடினால் எர்த் சரியில்லை, அல்லது அல்டர்னேட்டரின் இரைச்சல் கலக்கிறது. சில கார்களில் ரிவர்ஸ் விளக்குக்கு மின்சாரம் விட்டுவிட்டுத் துடிப்பாகப் போகும். விளக்குக்கு அது பிரச்சினையில்லை, கேமராதான் மினுக்கும். அதற்கு ஒரு ஃபில்டர் போதும்.

'கேமரா என்ன பெரிய விலையா, வயரைத் தேடும் கூலிக்குப் புதிதே வாங்கிவிடலாமே' என்று கேட்பார்கள். ஒடிந்த வயர் ஒடிந்தபடியே இருந்தால் புதிய கேமராவும் இருட்டைத்தான் காட்டும். போதாக்குறைக்கு, கூடுதல் தெளிவு தரும் ஏஎச்டி வகைக் கேமராவை வாங்கி மாட்டிவிட்டு ஸ்டீரியோ செட்டிங்கை சிவிபிஎஸ் என்ற பழைய பட முறையிலேயே விட்டால் படம் உருளும், நிறம் போகும், வராமலும் போகலாம். செலவழித்துக் கோளாறு வாங்குவது இதுதான்.

கேமராவே கெடுவதும் உண்டு. ஓசூரின் குளிர்ந்த காலைகளில் லென்ஸுக்கு உள்ளே பனித்திருந்தால் சீல் விட்டுப்போயிற்று, மாற்றத்தான் வேண்டும். கிருஷ்ணகிரியின் கிரானைட் தூசு வெளியே படிந்ததென்றால் ஈரத்துணி போதும். ஆனால் உலர்துணியால் தேய்த்தால் லென்ஸில் கீறல் விழும். 24 வோல்ட் லாரியில் காருக்கான 12 வோல்ட் கேமராவை நேரடியாக மாட்டினால் எரிந்தே போகும். கம்பெனியில் பொருத்தி வந்த கேமரா என்றால், வாரண்டி முடியும்வரை வெளியாள் வயரை வெட்ட விடாதீர்கள். மற்றபடி கடைக்குப் போனதும் புதிய கேமரா கேட்காதீர்கள். ரிவர்ஸ் கியரில் கேமரா பிளக்குக்கு 12 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.