பெட்டியில் தொங்கும் மூன்றெழுத்து

விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைத்ததும் அதன் கைப்பிடியில் ஒரு நீளமான சீட்டைச் சுற்றி ஒட்டுகிறார்கள். அதில் பெரிதாக மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். அவற்றைப் படித்துப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்?

ஜித்தாவில் பணிபுரியும் என் சாச்சா படித்துப் பார்த்ததில்லை. விடுமுறை முடிந்து அவர் சென்னையிலிருந்து புறப்பட்டபோது, முந்தைய பயணத்தின் சீட்டும் பெட்டியில் அப்படியே தொங்கிக் கொண்டிருந்தது. வழியில் விமானம் மாறும் நிலையத்தில் எவரோ அந்தப் பழைய சீட்டைப் பார்த்துப் பெட்டியைச் சென்னைக்கே திருப்பிவிட்டார். சாச்சாவின் சர்க்கரை நோய் மாத்திரைகள் அதற்குள் இருந்தன.

பழைய சீட்டில் இருந்தது எம்.ஏ.ஏ. மதராஸ் என்று ஊர் வழங்கிய நாளில் அமைந்த குறியீடு அது. 1996இல் ஊர்ப்பெயர் சென்னை என்று மாறிய பின்னரும் குறியீடு மாறவில்லை. மும்பைக்கு இன்றும் பி.ஓ.எம். தான். ஜித்தாவுக்கு ஜே.இ.டி., மதீனாவுக்கு எம்.இ.டி. இவை ஊர்ப்பெயரை ஒட்டியவை. நினைவில் வைப்பது எளிது. மதுரையின் ஐ.எக்ஸ்.எம். அப்படியன்று. கனடா நாட்டு நிலையங்கள் பலவற்றுக்கு முதலெழுத்தே ஒய்! அங்கேயும் சிட்னி என்று ஒரு சிற்றூர் உண்டு, குறியீடு ஒய்.கியூ.ஒய். ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கு எஸ்.ஒய்.டி. 2002இல் பிரிட்டனைச் சேர்ந்த இளம் இணையர் இருவர் ஆஸ்திரேலியா செல்வதாக எண்ணிக் கனடாவில் போய் இறங்கினர். ஊர்ப்பெயரை மட்டும் நம்பினால் நேரக்கூடியது இதுதான்.

இக்குறியீடுகளை வழங்குவது 1945இல் கியூபாவின் ஹவானா நகரில் தொடங்கப்பட்ட பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமாகும். விமான நிறுவனங்களுக்கு அது ஈரெழுத்துக் குறியீடு தருகிறது: ஏர் இந்தியாவுக்கு ஏ.ஐ., சவூதியாவுக்கு எஸ்.வி. பயண எண்ணின் முன்னே நிற்பவை இவையே. இவையன்றி மூன்றிலக்க எண்ணும் உண்டு; ஏர் இந்தியாவுக்கு 098, சவூதியாவுக்கு 065. பயணச்சீட்டின் 13 இலக்க எண் இந்த மூன்றிலக்கத்தில்தான் தொடங்கும்.

பெட்டிச் சீட்டில் இருப்பது 10 இலக்க எண். முதல் இலக்கத்தை விட்டு அடுத்த மூன்றைப் பாருங்கள். சீட்டை வழங்கிய நிறுவனம் தெரிந்துவிடும். கடைசி ஆறும் அந்தப் பெட்டிக்கே உரியவை. கோடுகளாக அச்சிடப்பட்டிருப்பதும் இதே எண்தான். கருவி அதைப் படித்து, எந்த விமானத்தில் ஏற்றவேண்டிய பெட்டி என்பதைக் கணினியில் தேடி அறிகிறது. ஒரே பெட்டியில் இரண்டு சீட்டுகள் தொங்கினால் கருவியும் தடுமாறும், மனிதரும் தடுமாறுவார்.

இதே எண் அச்சிட்ட சிறு துண்டு ஒன்றைப் பயணியிடமும் கொடுப்பார்கள். பெட்டி வரவில்லையெனில் நிலையத்தை விட்டு வெளியேறுமுன் அதைக் காட்டி முறையீட்டைப் பதிவு செய்துவிட வேண்டும். மாண்ட்ரீல் உடன்படிக்கையின்படி, பெட்டி சேதமடைந்திருந்தால் கையில் கிடைத்த 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்திருந்தால் 21 நாட்களுக்குள்ளும் எழுத்து மூலம் முறையிடுதல் அவசியம்.

சாச்சா அந்தத் துண்டைக் கடவுச்சீட்டினுள் பத்திரமாக வைத்திருந்தார். ஐந்தாம் நாள் பெட்டி வந்து சேர்ந்தது, பழைய சீட்டு இன்னும் தொங்கியபடியே.