தான் உடைந்து ஆளைக் காத்த கார்



2020 நவம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. மாலை மயங்கும் நேரம். பஹ்ரைன் நாட்டின் பாலைவனத்தில் இருக்கும் சக்கீர் பந்தயத் தடத்தில், விளக்கு வெளிச்சத்தில் ஃபார்முலா ஒன் கார்கள் சீறிப் புறப்பட்டன. முதல் சுற்றுதான். மூன்றாவது வளைவைத் தாண்டியதும் ரோமான் குரோஷான் என்ற பிரான்ஸ் நாட்டு ஓட்டுநரின் கார் இன்னொரு காரோடு உரசியது. அடுத்த கணம் அது தடத்தை விட்டு விலகி, மணிக்கு 192 கிலோமீட்டர் வேகத்தில் ஓரத்து இரும்புத் தடுப்பில் மோதியது. கார் இரண்டாகப் பிய்ந்தது. பின்பாதி தடத்தின் பக்கம் கிடந்தது. ஓட்டுநர் உட்கார்ந்திருந்த முன்பாதி, தடுப்பைக் கிழித்துக்கொண்டு அதற்குள் செருகி நின்றது. குப்பென்று தீ எழுந்தது.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். ஒன்றிலிருந்து 27 வரை நிதானமாக எண்ணுங்கள்.

எண்ணியாயிற்றா? அவ்வளவு நேரம் அவர் அந்தத் தீக்குள் இருந்தார். 27ஆவது நொடியில் தீயைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, தடுப்பின் மேலே கைவைத்துத் தாண்டினார். இரண்டு கைகளிலும் தீக்காயம். இடது காலில் ஷூ இல்லை. ஆனாலும் உயிர் பிழைத்துவிட்டார்.

பார்த்தவர்கள் பலர் அதை அதிசயம் என்றார்கள். எனக்கோ அதற்குப் பின்னால் பல பத்தாண்டுகளின் அறிவியல் தெரிகிறது. வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேட்ச் பிடிக்கும் கை

கிரிக்கெட்டில் வேகமாக வரும் பந்தை எப்படிப் பிடிப்பீர்கள்? கையை விறைப்பாக நீட்டினால் உள்ளங்கை சுளீரென்று எரியும். பந்து விரலில் பட்டதும் கையையும் அதோடு சேர்த்துப் பின்னால் இழுத்தால் அவ்வளவு வலிக்காது. பந்து அதே பந்து, வேகமும் அதே வேகம். ஆனால் முதல் முறை பந்து சட்டென்று நின்றது. இரண்டாம் முறை ஒரு முழம் தூரம் பயணம் செய்து நின்றது. நிற்பதற்குக் கூடுதல் தூரமும் நேரமும் கிடைத்தால் அடியின் வலு குறைகிறது.

பந்தயக் காருக்கும் இதே கணக்குத்தான். மணிக்கு 192 கி.மீ. என்றால் ஒரு நொடிக்கு 53 மீட்டர். அந்த வேகத்தில் வருபவர் வெறும் 10 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நின்றால், அவர் உடம்பின் மேல் அவருடைய எடையைப் போல 1,400 மடங்குக்கும் அதிகமான விசை அழுத்தும். யாரும் பிழைக்க முடியாது. அதே ஆள் 2 மீட்டர் தூரத்தில் நின்றால்? ஏறக்குறைய 70 மடங்குதான்.

குரோஷானின் மோதலில் அளந்த உச்ச விசை 67 ஜி. ஒரு 'ஜி' என்பது பூமி நம்மை இழுக்கும் அளவு. 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 67 ஜி என்றால் 2,000 கிலோ தன் மேல் அழுத்துவது போல. நல்ல வேளையாக அது கண் சிமிட்டும் நேரம்கூட நீடிக்கவில்லை.

மனித உடம்பு இவ்வளவு தாங்குமா என்று தன் உடம்பிலேயே சோதித்தவர் ஜான் பால் ஸ்டாப் என்ற அமெரிக்க விமானப்படை மருத்துவர். 1954இல் அவர் ராக்கெட் பூட்டிய வண்டியில் தன்னை வார்களால் கட்டிக்கொண்டு, மணிக்கு 1,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து, 1.4 நொடியில் நின்றார். 46 ஜி! கண்களில் ரத்தம் கட்டிச் சிறிது நேரம் பார்வை தெரியவில்லை. பிறகு தேறிவிட்டார். நன்றாகக் கட்டிய உடம்பு நாம் நினைப்பதைவிட அதிகம் தாங்கும் என்பதை உலகத்துக்குக் காட்டினார். சாலையில் ஓடும் கார்களிலும் சீட் பெல்ட் வேண்டும் என்று பின்னாளில் விடாமல் பேசியவரும் அவர்தான்.

தேன்கூட்டுத் தொட்டில்

பந்தயக் காரில் இரண்டு விதமான பாகங்கள் உண்டு. ஒன்று நொறுங்க வேண்டியது, இன்னொன்று நொறுங்கவே கூடாதது.

மூக்கு, பக்கவாட்டு, பின்பகுதி எல்லாம் நொறுங்க வேண்டியவை. மோதும்போது அவை அப்பளம் போலப் பொடிந்து பொடிந்து, மோதலின் ஆற்றலைத் தின்றுவிடும். ஓட்டுநருக்கு வேண்டிய 'நிற்கும் தூரம்' இப்படித்தான் கிடைக்கிறது. கார் சிதறிப்போவதைத் தொலைக்காட்சியில் பார்த்தால் நமக்குப் பதறும். ஆனால் சிதறும் ஒவ்வொரு துண்டும் ஓட்டுநருக்கு வர வேண்டிய அடியில் கொஞ்சத்தை வாங்கிக்கொண்டு போகிறது.

நொறுங்கவே கூடாதது, ஓட்டுநர் உட்காரும் தொட்டில். 'உயிர்காக்கும் கூடு' என்று இதைச் சொல்லலாம். கார்பன் ஃபைபர் தகடுகளுக்கு நடுவே தேன்கூடு போன்ற அறுகோண அறைகள் கொண்ட அடுக்கை வைத்து இதைச் செய்கிறார்கள். எடை குறைவு, உறுதி மிக அதிகம். 1981இல் ஜான் பர்னார்ட் என்ற பொறியாளர் மெக்லாரன் அணிக்காக இப்படி ஒரு காரை முதன்முதலில் வடிவமைத்தபோது, மோதினால் இது கண்ணாடி போலத் தூளாகிவிடும் என்று பலர் பயந்தார்கள். அதே ஆண்டு இத்தாலியின் மோன்சா தடத்தில் ஜான் வாட்சன் அந்தக் காரோடு பயங்கரமாக மோதினார். எஞ்சின் தனியே பிய்ந்துபோனது. அவர் காயமில்லாமல் இறங்கி நடந்தார். பயம் தீர்ந்தது.

பஹ்ரைனிலும் அதேதான் நடந்தது. கார் இரண்டானது, கூடு முழுசாக நின்றது.

கார் மட்டும் நெகிழ்ந்தால் போதுமா? சுவரும் கொஞ்சம் இடம் கொடுக்கலாமே! அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் டீன் சிக்கிங் குழுவினர் அப்படி ஒரு சுவரைச் செய்தார்கள். கான்கிரீட் சுவருக்கு முன்னால் எஃகுக் குழாய்கள், இரண்டுக்கும் நடுவே நுரைக் கட்டைகள். கார் மோதினால் சுவர் உள்வாங்கிக்கொள்ளும். 2002இல் இண்டியானாபொலிஸ் தடத்தில் இது முதலில் வந்தது. பந்து பிடிக்கும் கையைப் போல ஒரு சுவர்!

தலையைப் பிடித்த வார்

உடம்பை வார்களால் இறுக்கிக் கட்டியாயிற்று. தலை? அது மட்டும் தன் வேகத்தில் முன்னால் பாயும். தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து 6 கிலோ என்று வைத்துக்கொண்டால், 67 ஜியில் அது 400 கிலோவாக இழுக்கும். கழுத்து தாங்காது. அந்தக் காலத்தில் வெளிக்காயமே இல்லாமல் பல ஓட்டுநர்கள் இறந்துபோனது இதனால்தான்.

1981இல் பாத்ரிக் ஜாக்மார் என்ற ஓட்டுநர் இப்படித்தான் இறந்தார். அவருடைய நண்பரும் ஓட்டுநருமான ஜிம் டவுனிங் மனம் கலங்கி, தன் மைத்துனர் ராபர்ட் ஹப்பர்டிடம் போனார். ஹப்பர்ட் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர். உடம்பின் இயக்கத்தைப் பொறியியல் கண்ணால் ஆராய்பவர். இருவரும் சேர்ந்து உருவாக்கியதுதான் 'ஹான்ஸ்'. தோளில் காலர் போல உட்காரும் கெட்டியான பட்டை. அதிலிருந்து இரண்டு குட்டி வார்கள் ஹெல்மெட்டின் இரு பக்கமும் பிடித்திருக்கும். மோதும்போது தலை தனியாகப் பாயாமல் உடம்போடு சேர்ந்தே நிற்கும்.

இவ்வளவு நல்ல கருவியைப் பல ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அசௌகரியமாக இருக்கிறது என்றார்கள். 2001இல் டேடோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில், அமெரிக்கர்கள் கொண்டாடிய ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் இதே போல இறந்த பிறகுதான் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். 2003 முதல் ஃபார்முலா ஒன்னில் ஹான்ஸ் கட்டாயமானது.

நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனைத் தெரியும்தானே? ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர். 2005இல் சீனாவின் ஷாங்காய் தடத்தில் அவர் கார் சுவரில் மோதி நொறுங்கியது. அவர் காயமின்றி வெளியே வந்தார். அன்று அவர் கழுத்திலும் ஹான்ஸ் இருந்தது.

தலைக்கு மேலே ஒரு வளையம்

பந்தயக் காருக்குக் கூரை கிடையாது. ஓட்டுநரின் தலை வெளியே தெரியும். பறந்துவரும் சக்கரமோ தடுப்பின் விளிம்போ பட்டால் என்ன ஆவது? இதற்காக 2018இல் வந்தது 'ஹேலோ'. டைட்டானியம் உலோகத்தில் செய்த வளைவு. ஓட்டுநரின் தலையைச் சுற்றி நிற்கும். எடை ஏறக்குறைய 7 கிலோதான். ஆனால் 12 டன் சுமையைத் தாங்கும். அதாவது மூன்று பெரிய ஆண் யானைகள்!

இது வந்தபோது காரின் அழகு கெட்டுவிட்டது என்று பலர் எதிர்த்தார்கள். அப்படி எதிர்த்தவர்களில் குரோஷானும் ஒருவர். பஹ்ரைனில் அவர் கார் தடுப்புக்குள் பாய்ந்தபோது, மேலே இருந்த இரும்புத் தகட்டைத் தள்ளி வழி உண்டாக்கியது அந்த வளையம்தான். இல்லாவிட்டால் அந்த இரும்பு அவர் தலையைத் தாக்கியிருக்கும். மருத்துவமனைப் படுக்கையில் இருந்தே அவர் தன் கருத்து மாறியதை வெளிப்படையாகச் சொன்னார். தவறென்று தெரிந்ததும் ஒப்புக்கொள்வது எவ்வளவு பெரிய குணம்!

தீயோடு 27 நொடி

மோதலில் எரிபொருள் குழாய் இணைப்பு பிய்ந்து பெட்ரோல் கொட்டியது. அதனால்தான் அந்தத் தீ. ஓட்டுநரின் உடை, உள்ளாடை, சாக்ஸ், முகமூடி எல்லாமே 'நோமெக்ஸ்' போன்ற இழையால் ஆனவை. நைலான் துணி தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். நோமெக்ஸ் உருகாது. சூடு ஏற ஏற அது கருகித் தடித்து, தீக்கும் தோலுக்கும் நடுவே சுவராக நிற்கும். அடுக்கடுக்கான துணிகளுக்கு இடையே உள்ள காற்றும் சூட்டைத் தடுக்கும். இது தீயை என்றென்றைக்கும் தடுத்துவிடாது, சில நொடிகளைச் சம்பாதித்துக் கொடுக்கும்.

அந்த நொடிகளை வீணாக்காமல் ஓடிவந்தவர்களும் இருக்கிறார்கள். முதல் சுற்று முழுவதும் பந்தயக் கார்களுக்குப் பின்னாலேயே ஒரு மருத்துவக் கார் போகும். அது 11 நொடியில் அங்கே வந்துவிட்டது. மருத்துவர் இயன் ராபர்ட்ஸ் தீக்கு அருகிலேயே போய், தீயணைப்பானை எங்கே பீய்ச்ச வேண்டும் என்று காட்டினார். காரை ஓட்டிவந்த ஆலன் வான் டெர் மெர்வேயும் அணைப்பானோடு ஓடினார்.

உள்ளே குரோஷானின் இடது கால் மாட்டிக்கொண்டிருந்தது. தன் பிள்ளைகளின் நினைவுதான் தனக்குத் தெம்பு தந்தது என்று பிறகு சொன்னார். காலை உருவினார், ஷூ மட்டும் உள்ளே தங்கிவிட்டது.

மூன்று நாளில் மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தார். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் மறுபடியும் பந்தயக் கார் ஓட்டினார். அவர் கைகள் ஏன் வெந்தன, குழாய் ஏன் பிய்ந்தது, தடுப்பு ஏன் பிளந்தது என்று நிபுணர்கள் மாதக்கணக்கில் ஆராய்ந்தார்கள். ஆள் பிழைத்துவிட்டாரே என்று கோப்பை மூடிவிடவில்லை. அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த குணம் இதுதான்.

நீங்களே செய்து பாருங்கள்

இரண்டு பேர் பழைய போர்வை ஒன்றை நிமிர்த்திப் பிடியுங்கள். கீழ்விளிம்பைப் பை போல மடக்கி ஏந்துங்கள். மூன்றாமவர் சில அடி தள்ளி நின்று ஒரு முட்டையைப் போர்வையின் நடுவே வேகமாக எறியட்டும். முட்டை உடையாது! அதே முட்டையைச் சுவரில் எறிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். (அம்மாவிடம் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வெளியே செய்யுங்கள்.)

இன்னொரு சோதனைப் பொருள் உங்கள் வீட்டு வண்டியிலேயே இருக்கிறது. அப்பாவின் ஹெல்மெட்டைத் திருப்பி உள்ளே பாருங்கள். துணிக்கு அடியில் தெர்மாகோல் போல ஒரு தடிப்பு தெரியும். ஏறக்குறைய இரண்டு விரல் கனம்தான். கீழே விழுந்தால் தலை சட்டென்று நிற்காமல், அந்த இரண்டு விரல் தூரம் நசுக்கிக்கொண்டு போய் நிற்கும். நசுங்கிய தெர்மாகோல் மீண்டும் உப்பாது. எனவே ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே புதிதுபோலப் பளபளத்தாலும், அடுத்த முறை காக்காது. அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் அப்பாவிடம் சொல்லுங்கள்: "இது தன் வேலையை முடித்துவிட்டது அப்பா, வேறு வாங்கலாம்."