எழுதி வைக்கப்படாத அமானத்



நமது ஊர்ப் பள்ளிவாசல்களின் நிருவாகம் பற்றிப் பேச்செழும்போது, "எங்கள் தலைவர் நல்ல மனிதர், அவருக்கு எழுத்தும் விதியும் எதற்கு?" என்று கேட்பவர்கள் பலர். அவர் உண்மையிலேயே நல்லவராக இருக்கலாம். ஆனால் அவர் மௌத்தான மறுவாரமே, பள்ளிக் கடையின் முற்பணம் யாரிடம் உள்ளது, தென்னந்தோட்டத்தின் உறுதி எங்கே இருக்கிறது என்று எவருக்கும் தெரியாமற் போகின்றது. சந்தேகம் பிறக்கிறது, ஜமாஅத் இரண்டாகிறது. களவெடுக்காத ஒருவரின் பிள்ளைகள் ஊரார் முன் தலைகுனிய நேரிடுகிறது. அங்கே குறைவாக இருந்தது நேர்மையல்ல, எழுத்தே.

உமர் (ரழி) அவர்களின் வக்பைச் சற்று நோக்குங்கள். கைபரில் தமக்குக் கிடைத்த சிறந்த நிலத்தை என்ன செய்வதென்று அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். மூலத்தை நிறுத்தி வைத்து, விளைச்சலைத் தர்மம் செய்யும் வழி அவர்களுக்குக் காட்டப்பட்டது. அந்நிலம் விற்கப்படவோ, அன்பளிப்புச் செய்யப்படவோ, வாரிசுரிமையாகப் பங்கிடப்படவோ கூடாது என்பது நிபந்தனையாயிற்று. பின்னர் அது எழுத்திலும் வந்தது. அபூதாவூத் கிரந்தத்தில் பதிவாகியுள்ள அந்த ஆவணத்தை முஐகீப் (ரழி) அவர்கள் எழுதினார்கள். அப்துல்லாஹ் இப்னு அல்அர்கம் (ரழி) அவர்கள் சாட்சியானார்கள்.

அதில் அடங்கியிருப்பவை யாவை? பராமரிப்புப் பொறுப்பு ஹப்ஸா (ரழி) அவர்களுக்கு. அவர்களுக்குப் பின் குடும்பத்தில் நல்லபிப்பிராயமுள்ளவர்களுக்கு. வருமானம் எவருக்குச் சேர வேண்டும் என்பதும், பராமரிப்பவர் அதிலிருந்து உண்பது குற்றமாகாது என்பதும் அதில் உண்டு. அடுத்த பொறுப்பாளர் யார், செலவு எதற்கு, நிருவாகிக்குரிய உரிமை என்ன என்ற மூன்று கேள்விகளுக்கும் அன்றே விடை எழுதப்பட்டுவிட்டது. உமர் (ரழி) அவர்களின் நேர்மையில் ஐயம் கொண்டவர் எவர்? அவர்களே எழுதி வைத்தார்களென்றால், நாம் எம்மாத்திரம்?

எழுதக் கேட்பது அவநம்பிக்கையின் அடையாளம் என்று சிலர் மனம் வருந்துகின்றனர். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான ஸூரதுல் பகராவின் 282ஆம் வசனம், விசுவாசிகள் தமக்கிடையிலான கடனைச் சிறிதாயினும் பெரிதாயினும் எழுதிக்கொள்ளச் சோர்வடைய வேண்டாம் என்று பணிக்கிறது. எழுத்து இருவரையும் காக்கின்றது.

பதவியால் வரும் அன்பளிப்பும் கவனத்துக்குரியது. ஸகாத் வசூலிக்கச் சென்ற இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, "இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது" என்ற கருத்தில் கூறியபோது, அவர் தம் பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் அது கிடைத்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று கேட்டார்கள். பள்ளிக் கட்டட ஒப்பந்தத்தைத் தம் மைத்துனருக்கே வழங்கும் சபை உறுப்பினர் இக்கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளட்டும்.

இலங்கையில் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டம் பள்ளிவாசல்களின் பதிவுக்கும் நம்பிக்கையாளர் நியமனத்துக்கும் கணக்குகளுக்கும் வழி செய்துள்ளது. எனினும் காசோலையில் யார் யார் ஒப்பமிடுவது, உண்டியலை எத்தனை பேர் முன்னிலையில் எண்ணுவது போன்ற அன்றாட விடயங்களை ஒவ்வொரு சபையும் தானே எழுதிக்கொள்ள வேண்டும்.

நீங்கள் ஒரு பள்ளிவாசலிலோ, மத்ரஸாவிலோ, ஜனாஸா சங்கத்திலோ பொறுப்பிலிருந்தால் இவற்றையேனும் எழுதுங்கள்: பதவிக்காலமும் பொறுப்பை ஒப்படைக்கும் முறையும், பணம் பெறுவதற்கும் கொடுப்பதற்கும் பற்றுச்சீட்டும் இரு ஒப்பங்களும், ஸகாத், ஸதகா, கட்டட நிதி ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கணக்கு, தமக்கோ உறவினருக்கோ நலனுள்ள விடயத்தில் உறுப்பினர் விலகியிருத்தல், ஆதனங்களின் பட்டியல், கூட்டறிக்கை, ஆண்டுக் கணக்கை ஜமாஅத்தார் முன் வாசித்தல், இமாம், முஅத்தின் ஆகியோரின் சம்பளமும் விடுமுறையும்.

எழுதியதை அலுமாரியில் பூட்டி வைக்காதீர்கள். ஆண்டுக்கொரு முறை சபையில் வாசித்துத் திருத்துங்கள். நாளை நாம் இல்லாதபோது நமக்காகப் பேசப்போவது அந்த ஏடுதான். அமானத்தை உரியவரிடம் உரியபடி ஒப்படைத்தவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.