பையன் தேறிட்டானே, இன்னும் எதுக்கு மருந்து?

"முகம் தெளிஞ்சிருச்சுண்ணே. பழையபடி ஓடியாடுறான். இன்னும் எதுக்கு மெட்ராசுக்கு அலையணும்?"

ரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கும் பிள்ளையின் தாய்மாமன் கறம்பக்குடி டீக்கடையில் இப்படிக் கேட்டால் குற்றம் சொல்ல முடியாது. நம்ம ஊருக்கு ரயில் கிடையாது. புதுக்கோட்டைக்கோ தஞ்சாவூருக்கோ பஸ் பிடித்து, அங்கிருந்து ராத்திரி ரயில். போகிற நாளெல்லாம் அப்பனுக்குக் கூலி போச்சு. கேள்வி நியாயம்தான், பதில்தான் கொஞ்சம் நீளம். டீயைக் குடிங்க தம்பி, சொல்றேன்.

பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் ரத்தப் புற்றுநோய்க்கு. அதிலும் பெரும்பாலும் ஏ.எல்.எல். என்று டாக்டர்கள் சொல்லும் வகை. கண்டுபிடிக்கிற சமயத்தில் பிள்ளை உடம்பில் கெட்ட அணுக்கள் ஏறக்குறைய லட்சம் கோடி இருக்கும். முதல் மாத மருந்திலேயே பெரும்பகுதி செத்துவிடும். காய்ச்சல் நிற்கும், பசி எடுக்கும், எலும்பு மஜ்ஜையை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாலும் சுத்தமாகத் தெரியும். அப்போதும் நூறு கோடி, ஏன் ஆயிரம் கோடிகூட மிச்சம் இருக்கலாம். கோரை மண்டிய கொல்லையைக் கொத்திவிட்டால் மேலே பளிச்சென்று இருக்கும், கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும் இல்லையா? அந்தக் கிழங்குக்குத்தான் மீதி இரண்டு, இரண்டரை வருஷ மருந்து. நரம்பில் ஏற்றும் மருந்து மூளைக்குச் சரியாகப் போய்ச் சேராது. முதுகுத்தண்டில் ஊசி போடுவது அதற்காக. கடைசிக் கட்டம் பெரும்பாலும் வீட்டிலேயே மாத்திரைதான். குடும்பம் சோர்ந்து கைவிடுவதும் அங்கேதான். இப்படி நடுவில் விட்டு நோய் திரும்பினால், முதலில் கேட்ட மருந்துக்கு அது அவ்வளவு லேசில் மசியாது.

இந்த வைத்தியத்துக்கும் நம்ம மாவட்டத்துக்கும் ஒரு உறவு உண்டு. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் முயற்சியில் 1954-ல் வெறும் 12 படுக்கைகளோடு தொடங்கியதுதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 1984-ல் தொடங்கிய எம்.சி.பி. 841 என்ற ஒரே மருந்து முறையை அடையாறு, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் கையாண்டன. அதற்கு முன் ஐந்தில் ஒரு பிள்ளை தேறினால் பெரிசு. அதன் பிறகு பாதிக்குப் பாதி தேறத் தொடங்கியது. புது மருந்து எதுவும் வானத்திலிருந்து விழவில்லை. இருந்த மருந்துகளையே முறையாக, விடாமல், கடைசிவரை கொடுத்தார்கள். உங்க கேள்விக்குப் பதில் அந்த 'கடைசிவரை'தான் தம்பி.

சரி, அதுவரை பிள்ளையை எப்படித் தாங்குவது? முதலில் ஒரு பழக்கத்தை விடணும். "சாப்பிடலேன்னா டாக்டர் ஊசி போட்டுருவாரு" என்று வருஷக்கணக்காக மிரட்டிவிட்டு, இப்போது நிஜமாகவே ஊசி போட்டால் அவன் என்ன நினைப்பான்? தான் செய்த சேட்டைக்குத் தண்டனை என்று. நிறையப் பிள்ளைகள் வாய் திறந்து சொல்லாமல் அப்படியே நம்பிக்கொண்டிருக்கும். "நீ எதுவும் தப்புப் பண்ணல" என்று பலமுறை சொல்லணும். "வலிக்காது" என்று பொய்யும் வேண்டாம். "வலிக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிரும், நான் கையைப் பிடிச்சுக்கிறேன்" என்றால் அடுத்த தடவையும் நம்புவான். ஸ்டீராய்டு கொடுக்கிற வாரங்களில் முகம் உப்பும், ராத்திரி ரெண்டு மணிக்கு இட்லி கேட்பான், தட்டைத் தூக்கி வீசுவான். அது மருந்தின் கோபம். அவனை அடிக்காதீங்க.

ஊருக்கு வந்திருக்கும்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரை போட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அந்நேரமே ஆஸ்பத்திரி. தெருவில் யார் வீட்டிலாவது அம்மை போட்டிருந்தால் அந்தப் பக்கம் விடாதீங்க. தெரியாமல் பக்கத்தில் போயிருந்தால் அன்றைக்கே டாக்டருக்கு போன் பண்ணிச் சொல்லணும். உடனே தெரிந்தால் தடுக்க மருந்து இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் பிள்ளைக்குத் துணையும் வேணும். பிரிட்டனில் ஒரு காலத்தில் தாயை வார்டில் தங்கவே விடமாட்டார்கள். தனியே விடப்பட்ட குழந்தை எப்படி ஒடுங்கிப்போகிறது என்பதை 1952-ல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் படம் பிடித்துக் காட்டினார். தாய் கூடவே தங்கலாம் என்று 1959-ல் அரசுக் குழு பரிந்துரைத்தது. நம்மிடம் அந்தக் குறை இல்லை. கட்டிலுக்கு அடியில் பாயை விரித்து உங்க அக்கா படுத்துவிடும். அக்காவை மாற்றிவிடத்தான் ஆள் இல்லை. அப்பத்தாவிடம் விட்டுவந்த சின்னதும் அம்மாவைப் பார்த்து மாசமாகியிருக்கும்.

செலவுக்கு வழி இல்லாமல் இல்லை. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. அதில் 5 லட்சம் வரை உண்டு. ஆஸ்பத்திரியில் சான்றிதழ் வாங்கிக் காட்டினால், சிகிச்சைக்குப் போய்வரும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர் கட்டணம் முழுசும் தள்ளுபடி. துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கு.

ஆனால் ஆளுக்கு எந்த அட்டையும் கிடையாது. ஆடி, ஆவணி வந்தால் கறிச்சோறு போட்டு, நோட்டு வைத்துப் பேர் எழுதி மொய் வாங்குகிற ஊர்க்காரர்கள் நாம். அதே போல ஒரு நோட்டைப் போடுங்க: இந்த வாரம் துணைக்கு யார், அடுத்த வாரம் யார், ரத்தம் கொடுக்க யார் யார். பிள்ளைக்கு ஏற்ற ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் தட்டணுக்களை ஐந்து நாளுக்கு மேல் சேமித்து வைக்க முடியாது, அதனால் ஆள் வந்துகொண்டே இருக்கணும். 18 வயசு நிறைந்து, 45 கிலோவுக்குக் குறையாத ஆரோக்கியமான ஆம்பளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கலாம். மெட்ராஸ் போக முடியாதவர்கள் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி ரத்த வங்கியில் கொடுங்க, வேறொரு பிள்ளைக்கு ஏறட்டும். நோட்டில் முதல் பேர் தாய்மாமன் பேராக இருக்கணும் தம்பி.